பூசா ரோட்டின் கோதுமைக்காரர்: துரு நோயோடு மல்லுக்கட்டிய பி.பி. பால்

டெல்லியில வேலை பார்க்கிறவர்னா, கரோல் பாக் பக்கம் பூசா ரோட்டை ஒருமுறையாவது கடந்திருப்பீங்க. பூசா உண்மையில் பீகாரில் இருக்கும் ஓர் ஊர். அங்கே 1905-ல் தொடங்கிய விவசாய ஆராய்ச்சி நிறுவனம் 1934 ஜனவரி நிலநடுக்கத்தில் இடிந்தது. 1936-ல் டெல்லிக்கு மாறியபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. அந்த நிலநடுக்கத்துக்குச் சில மாதங்கள் முன்புதான் 27 வயது பெஞ்சமின் பியரி பால் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

பிறந்தது 1906-ல் பஞ்சாபில், வளர்ந்தது பர்மாவில். ரங்கூனில் படித்துவிட்டு, கேம்பிரிட்ஜில் கோதுமையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். நாடு திரும்பியதும் அவர் கையில் எடுத்தது துரு நோய். இது ஒரு பூஞ்சை. பயிரில் இரும்புத் துரு மாதிரி பொடி பூக்கும். கதிரில் மணி சூம்பிப்போகும். மஞ்சள் துருவுக்குக் குளிர் வேணும், பழுப்புத் துருவுக்கு மிதமான வானிலை, தண்டைத் தாக்கும் கருந்துருவுக்கு வெயில். 1946-47-ல் மத்திய இந்தியாவில் கருந்துரு பரவி சுமார் 20 லட்சம் டன் கோதுமை போச்சு. நாடே ரேஷனில் வாழ்ந்த காலம் அது.

ஆக்ராவில் கே.சி. மேத்தா என்ற விஞ்ஞானி அதற்குள் ஒரு முக்கியமான விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார். சமவெளியின் கோடை வெயிலில் துருப்பூஞ்சை பிழைக்காது. குளிர்ச்சியான மலைகளில் ஒதுங்கியிருந்து, ஒவ்வொரு வருஷமும் காற்றில் ஏறிப் புதிதாக வருது. வடக்கே இமயமலை, தெற்கே, நம்ம நீலகிரியும் பழனி மலையும்! அதாவது, வயலைச் சுத்தம் செய்யும் பாதி வேலையை வானிலையே பார்த்துக்கொண்டது.

மீதிப் பாதியை விதையிலேயே வைக்க முடியுமா என்று பார்த்தார் பால். ஒரு துருவைத் தாங்கும் ரகம் இன்னொன்றில் விழுந்துவிடும். பல நாட்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்து, பிழைத்த செடிகளைப் பொறுக்கி, மறுபடி ஒட்டுச் சேர்த்து... கோதுமை குளிர்காலப் பயிர், வருஷத்துக்கு ஒரு போகம்தான். இரண்டு வருஷ ப்ராஜெக்ட்டுக்கே நாம அலுத்துக்கிறோம். இவருக்குக் கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆச்சு. 1954-ல் வந்த என்.பி. 809, மூன்று துருக்களையும் தாங்கியது.

1950-ல் பூசா நிறுவனத்தின் இயக்குநர், 1965-ல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர். மெக்சிகோவின் குட்டைக் கோதுமையை உருவாக்கிய நார்மன் போர்லாக் 1963-ல் இந்தியா வந்தபோது பூசாவின் பொறுப்பில் இருந்தவர் இவர்தான். பசுமைப் புரட்சின்னா நமக்கு எம்.எஸ். சுவாமிநாதன் ஞாபகம் வரும், அது நியாயம்தான். ஆனா அந்த மேடையைப் போட்டவரைப் பலருக்குத் தெரியாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு நேரமெல்லாம் ரோஜாவுக்கு. டெல்லி பிரின்சஸ் என்று ஒரு ரகத்துக்குப் பெயரும் வைத்தார். 1989-ல் காலமானார்.

இப்போ சிக்கல் என்னன்னா, பால் நம்பிய இரண்டு அரண்களையுமே வெப்பம் தொட ஆரம்பிச்சிருக்கு. குளிரை விரும்பும் மஞ்சள் துருவில், கூடுதல் வெப்பத்தைத் தாங்கும் வகைகள் 2000-க்குப் பிறகு பல நாடுகளில் பரவின. வடக்கின் ஜனவரிக் குளிர் கருந்துருவை இதுவரை தடுத்து வைத்திருக்கிறது. குளிர்காலம் சுருங்கினால் அந்தத் தடை தளரும். விதைக்குள்ளும் பிரச்சினை இருக்கு. சில எதிர்ப்பு மரபணுக்கள் குளிரில்தான் ஒழுங்காக வேலை செய்யும், சூடு ஏறினால் சோர்ந்துவிடும். பூஞ்சையும் சும்மா இருப்பதில்லை. வடமேற்கு இந்தியா முழுக்க விதைத்த பி.பி.டபிள்யூ. 343 ரகத்தை ஒரு புதிய மஞ்சள் துரு வகை உடைத்தது. 2016-ல் தென் அமெரிக்காவிலிருந்து வந்த குலை நோய் வங்கதேசக் கோதுமையைத் தாக்க, மேற்கு வங்க எல்லையோரத்தில் கோதுமை பயிரிடுவதற்கே தடை போட வேண்டியிருந்தது.

பால் காலத்தில், 1940-களில், பூசாவில் பல நாட்டு விதைகளைச் சேகரிக்கும் வேலை தொடங்கியது. அதே பூசா வளாகத்தில் இன்று தேசிய விதை வங்கி இருக்கு. அங்கே விதைகளை மைனஸ் 18 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். 2011 வாக்கில் அங்கிருந்து 19,000-க்கும் மேற்பட்ட கோதுமை மாதிரிகளை வெளியே எடுத்து, எவை இன்னும் துருவைத் தாங்குகின்றன என்று சோதித்தார்கள். விதைத்த இடங்களில் ஒன்று நீலகிரியின் வெலிங்டன். துருவுக்கு அங்கே எப்போதும் பஞ்சமில்லை.