பாப்பான் கடைத்தெருவில் ஒரு தாதி

மாணவர்களே, ஜோகூரில் இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பேசினால் பாரிட் சூலோங்கைத் தவிர்க்க முடியாது. 1942 ஜனவரியில் அவ்வூர்ப் பாலத்தருகே ஆஸ்திரேலிய, இந்தியப் படையினரை ஜப்பானியர் சூழ்ந்துகொண்டனர். லாரிகளில் காயம்பட்டவர்கள் குவிந்து கிடந்தார்கள். பலர் பிழைக்கமாட்டார்கள் என்பது தெரிந்திருந்தது. அவர்களின் வலியையாவது தணிக்க மார்பின் மருந்தை விமானத்திலிருந்து போடும்படி சிங்கப்பூருக்குச் செய்தி போனது. மருந்தும் உணவும் வந்து விழுந்தன. ஆனால் வழி திறக்கவில்லை. நடக்கக்கூடியவர்கள் காட்டு வழியே தப்பினர். விட்டுச் செல்லப்பட்ட சுமார் 150 பேரில் ஏறக்குறைய எல்லாரும் கொல்லப்பட்டனர்.

வலியில் துடிப்பவருக்கு மருந்து கொடுப்பது கூட அந்தப் போரில் ஆபத்தான செயலாக இருந்தது. அதைத் தம் உடலாலேயே அறிந்தவர் பேராக்கில் வாழ்ந்த ஒரு தாதி. அவர் பெயர் சிபில் கார்த்திகேசு.

சிபில் 1899 செப்டம்பர் 3ஆம் நாள் சுமத்ராவின் மேடான் நகரில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருடைய நடுப்பெயராகவும் ஆனது. தந்தை ஜோசப் டேலி ஐரிஷ் வழிவந்த யூரேசியர், தோட்டத்துறையில் இருந்தவர். தாயார் மருத்துவச்சி. மகளும் தாதியாகவும் மருத்துவச்சியாகவும் பயிற்சி பெற்றார். 1919இல் கோலாலம்பூரில் அவருக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை தைப்பிங்கில் பிறந்த தமிழர், டாக்டர் ஆறுமுகம் கணபதிப் பிள்ளை. இந்துவான அவர் கத்தோலிக்கராகி ஏ.சி. கார்த்திகேசு என்ற பெயரை ஏற்றார். அவர்களின் முதல் குழந்தை பிறந்த ஒரு நாளுக்குள் இறந்துபோனது. பின்னர் வில்லியம் என்ற சிறுவனைத் தத்தெடுத்தார்கள். ஓல்கா, டோன் என்று இரு பெண் பிள்ளைகளும் பிறந்தனர்.

1926 முதல் ஈப்போ புரூஸ்டர் சாலையில் கணவனும் மனைவியும் கிளினிக் நடத்தினர். சிபில் கண்டோனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். ஈயச் சுரங்க வட்டாரத்தில் சீன நோயாளிகள் இவரை நம்பி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நோயாளியின் மொழியில் வலியைக் கேட்டறிவது பாதி மருந்துக்குச் சமம் அல்லவா!

1941 டிசம்பரில் ஈப்போவில் குண்டு விழத் தொடங்கியதும் குடும்பம் அருகிலுள்ள பாப்பான் என்ற சிற்றூருக்குப் போனது. அங்கே கடைத்தெருவில் 74ஆம் எண் வீடு. கீழே மருந்து கொடுப்பார்கள். சுற்றிலும் காட்டு மலை. அந்த மலையில் மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையின் 5ஆவது பிரிவு மறைந்திருந்தது.

போராளிகள் காயத்தோடும் காய்ச்சலோடும் இரகசியமாக வந்தனர். அவர்களுக்கு உதவினால் என்ன நடக்கும் என்பது சிபிலுக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் வந்தவரை அவர் திருப்பி அனுப்பவில்லை. மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில் கையில் இருந்ததைப் பகிர்ந்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிபில் போரில் நடுநிலையாக இருந்தவர் அல்லர். தடை செய்யப்பட்ட சிற்றலை வானொலியை வீட்டில் ஒளித்து வைத்து, பிபிசி செய்திகளைக் கேட்டு மற்றவர்களுக்குச் சொன்னார். அது எதிர்ப்புப் போராட்டம். காயத்துக்குக் கட்டுப் போட்டது மருத்துவக் கடமை. இரண்டையும் நாம் பிரித்துப் பார்க்கலாம். ஜப்பானிய இராணுவ அரசு பிரித்துப் பார்க்கவில்லை. உளவு பார்த்தது, போராளிகளுக்குச் சிகிச்சை அளித்தது, வானொலி வைத்திருந்தது என்று மூன்றையும் ஒரே வரிசையில் குற்றங்களாகச் சுமத்தியது.

1943இன் நடுப்பகுதியில் முதலில் கணவரும், அடுத்து சிபிலும் கைதானார்கள். கெம்பித்தாய் எனப்பட்ட இராணுவக் காவல்துறை அவரை விசாரித்தது. அடி, சூடு, வயிறு வீங்க நீர் புகட்டுதல் என எல்லாமே நடந்தன. தாடை உடைந்தது, முதுகெலும்பு சேதமுற்றது. கடைசியில் சிறுமியான டோனை மரத்தில் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டினார்கள். அப்போதும் சிபில் தம்மிடம் மருந்து வாங்கியவர்களின் பெயரைச் சொல்லவில்லை. டோன் உயிரோடு இறக்கப்பட்டாள். ஒரு தாய் அந்த மௌனத்தைக் காத்தது சரியா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உங்கள் வகுப்பில் விவாதித்துப் பாருங்கள்.

சிபிலுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பத்து காஜா சிறையிலிருந்து 1945 செப்டம்பரில் விடுதலையானபோது அவரால் நடக்க முடியவில்லை. பிரிட்டனுக்கு விமானத்தில் கொண்டு சென்றனர். சிகிச்சை நீண்டது. படுக்கையில் இருந்தபடியே தம் அனுபவங்களை எழுதினார். அது 1954இல்தான் நூலாக வந்தது. துணிவுக்கான ஜார்ஜ் பதக்கம் 1947இல் அறிவிக்கப்பட்டது. 1948 ஜூன் மாதம், 48ஆம் வயதில், பழைய தாடைக் காயத்திலிருந்து பரவிய நச்சுத்தொற்றால் அவர் இறந்தார். போர் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகப்போகும் நேரத்தில் ஒரு போர்க்காயம் உயிரைப் பறித்தது.

அதே 1948இல், அதே பிரிட்டனில் இன்னொன்றும் நடந்தது. போர்க்காலத்தில் தாதியாகப் பயின்ற சிசிலி சாண்டர்ஸ், லண்டனில் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த டேவிட் டாஸ்மாவைக் கவனித்து வந்தார். வார்சாவைவிட்டு வந்த யூதர் அவர். குணமாக்க முடியாதவரின் வலியை எப்படித் தணிப்பது, எப்படித் தனிமையில் விடாமல் இருப்பது என்று இருவரும் பேசிய பேச்சுதான், 1967இல் லண்டனில் திறக்கப்பட்ட செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்துக்கு வித்து. டாஸ்மா விட்டுச் சென்ற 500 பவுனும் அதில் சேர்ந்தது. நோய்தணிப்புப் பராமரிப்பு என்று இன்று மருத்துவக் கல்லூரிகளில் படிக்கும் துறை இப்படி வேரூன்றியது. சிபிலும் சிசிலியும் சந்தித்தவர்கள் அல்லர். ஆயினும் இருவர் கதையும் போரின் நிழலில்தான் நடக்கிறது.

சட்டமும் மெதுவாகவே வந்தது. 1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட முதல் கூடுதல் நெறிமுறையின் 16ஆம் விதி, மருத்துவ அறத்துக்கு உட்பட்டுச் சிகிச்சை அளித்தவரை, பயன்பெற்றவர் யாராக இருந்தாலும், தண்டிக்கக் கூடாது என்கிறது. சிபில் மீது சுமத்திய இரண்டாவது குற்றம் இன்றைய சட்டத்தில் குற்றமே இல்லை. தாதிமை பயிலும் மாணவர்கள் இந்த விதி எண்ணை மனத்தில் வைத்திருக்கலாம். இன்றைய போர்களிலும் மருத்துவமனைகள் தாக்கப்படுகின்றன, வலிநிவாரணிகள் வழியில் தடுக்கப்படுகின்றன.

ஸ்காட்லாந்தின் லனார்க்கில் புதைக்கப்பட்ட சிபிலின் உடல் 1949இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. இறுதி ஊர்வலத்தில் பெருங்கூட்டம் திரண்டது. கிளினிக் இருந்த அதே புரூஸ்டர் சாலையில், இன்றைய சுல்தான் இட்ரிஸ் ஷா சாலையில், செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை ஒட்டிய கத்தோலிக்க இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது.