வாலிபரின் தோழர் ஆயர் பெர்னார்டு ஷீல்

கொடியேற்றத்துக்கும் தேர்ப்பவனிக்கும் இடையே ஒரு மாலை கைப்பந்துப் போட்டி நடத்துவது நம் பங்குகள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. பங்குக்கும் பந்துக்கும் என்ன உறவு என்று முணுமுணுக்கும் பெரியவர்களும் இருக்கவே செய்கிறார்கள். அந்த உறவை ஒரு மாநகரம் முழுவதும் கட்டி எழுப்பிக் காட்டியவர் அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில் துணை ஆயராயிருந்த மேதகு பெர்னார்டு ஷீல் ஆண்டகை. அவருடைய வாழ்க்கையை நம் பங்கு மக்கள், சிறப்பாக நம் வாலிபர்கள், அறிந்துகொள்வது நலம்.

1886-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் சிக்காகோவிலேயே பிறந்தார் ஷீல். புனித வியாத்தோர் கல்லூரியில் படிக்கையில் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிவதில் பேர் பெற்றார். அமெரிக்கருக்குப் பேஸ்பால் என்றால் நமக்குக் கிரிக்கெட் போல. சம்பளத்துக்கு ஆடும் பெரிய குழுக்களிலிருந்து அவருக்கு அழைப்பு வந்ததாகவும் சொல்வார்கள். அவரோ குருமடத்தைத் தேர்ந்துகொண்டு 1910-இல் குருப்பட்டம் பெற்றார்.

முதல் உலகப் போரின்போது கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சித் தளத்தில் ஆன்ம குருவாக இருந்தார். போர் முடிந்ததும் சிக்காகோவின் கூக் கவுண்டி சிறைச்சாலையில் அதே பணி கிடைத்தது. அவருடைய வாழ்வைத் திருப்பிவிட்டது இந்தச் சிறைதான் என்று தயங்காமல் சொல்லலாம். மரண தண்டனை பெற்றவர்களோடு தூக்குமேடை வரை நடந்து செல்வது அவர் கடமைகளில் ஒன்று. அப்படி நடந்தவர்களில் மீசை முளைக்காத பையன்களும் இருந்தார்கள். ஞானஸ்நானம் பெற்று, புதுநன்மை வாங்கி, ஏதோ ஒரு பங்கின் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களும் இருந்தார்கள். கடைசி மணி நேரத்தில் அவர்களோடு இருப்பதற்குப் பதிலாகப் பத்து ஆண்டு முன்னதாக அவர்களிடம் யாராவது போயிருந்தால் என்ன என்ற எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை.

அக்காலச் சிக்காகோவைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1920 முதல் மதுவிலக்கு. கள்ளச்சாராயத்தில் கொழுத்த கும்பல்கள். அல் கப்போன் என்ற கொள்ளைத் தலைவன் பெயர் உலகெங்கும் தெரிந்திருந்தது. 1929-இல் பங்குச் சந்தை சரிந்து ஆலைகள் மூடப்பட்டதும், வேலையில்லாத தகப்பன்மார் ஒருபுறம், தெருமுனையில் நிற்கும் பிள்ளைகள் மறுபுறம். கைநிறையப் பணம் தருகிறேன் என்று அப்பிள்ளைகளை அழைத்தவர்கள் அந்தக் கும்பல்காரர்கள்தாம்.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு விளையாட்டு அமைப்பே இல்லாமலில்லை. 1912-லேயே டெ லா சால், புனித இஞ்ஞாசியார், புனித ரீத்தா, லொயோலா முதலிய உயர்நிலைப் பள்ளிகள் சேர்ந்து சிக்காகோ கத்தோலிக்க லீக் என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தியிருந்தன. உறுப்புப் பள்ளிகள் பருவந்தோறும் முறைவைத்து ஒன்றோடொன்று மோதும். அதிகம் வென்ற பள்ளிக்கு அவ்வாண்டின் பட்டம். அமெரிக்கக் கால்பந்தில் இந்த லீக்கின் வெற்றியாளரும் அரசுப் பள்ளிகளின் வெற்றியாளரும் ஆண்டு இறுதியில் மோதும் பெரிய ஆட்டம் ஒன்று அக்காலத்தில் நடந்துவந்தது. 1937 நவம்பரில் சோல்ஜர் ஃபீல்டு மைதானத்தில் லியோ கத்தோலிக்கப் பள்ளியை ஆஸ்டின் அரசுப் பள்ளி 26-0 என்று தோற்கடித்தது. அதைப் பார்க்கத் திரண்ட கூட்டம் சுமார் 1,20,000 பேர்! பள்ளிப் பையன்களின் ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டமா என்று வியக்கத்தான் வேண்டும்.

ஆனால் அது பள்ளியில் படிப்பவனுக்குரிய லீக். கட்டணம் கட்ட முடியாமல் எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கும், இறைச்சிக் கிடங்கில் வேலைக்குப் போனவனுக்கும் அங்கே இடம் ஏது? ஷீல் ஆண்டகை கண்ட வழி இங்கேதான் பிரிகிறது. பள்ளியை விட்டுவிட்டுப் பங்கை அடிப்படையாகக் கொண்டார். பள்ளி இல்லாத பையன் உண்டு. பங்கு இல்லாத பையன் கிடையாது. 1928-இல் துணை ஆயராக அபிஷேகம் பெற்ற அவர், கர்தினால் மண்டலைன் ஆதரவுடன் 1930-இல் கத்தோலிக்க இளைஞர் அமைப்பைத் தொடங்கினார். சி.ஒய்.ஓ. என்ற மூன்றெழுத்தில் அது அறியப்பட்டது.

முதலில் அவர் கையிலெடுத்தது குத்துச்சண்டை. ஆயர் ஒருவர் குத்துச்சண்டை நடத்துவதா என்று நமக்கே கொஞ்சம் உறுத்துகிறது. அவருடைய கணக்கு வேறு. ஜெப மாலைக்கு வா என்றால் வராத முரட்டுப் பையன், கையுறை மாட்ட வா என்றால் ஓடி வருவான். வந்தவன் முறையாகப் பயிற்சி பெற வேண்டும், தெய்வ நிந்தனை பேசக்கூடாது. 1931 டிசம்பரில் சிக்காகோ ஸ்டேடியம் என்ற மாபெரும் உள்ளரங்கில் முதற் போட்டிகள் நடந்தன. நோட்டர் டேம் பல்கலைக்கழகக் கால்பந்து வீரர் ஜாக் எல்டர் விளையாட்டுப் பிரிவை நடத்தும் பொறுப்பேற்றார். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குச் சென்ற அமெரிக்கக் குத்துச்சண்டைக் குழுவிலே இந்த அமைப்பில் வளர்ந்தவர்களும் இருந்தார்கள்.

பெயர் தந்தது குத்துச்சண்டை என்றாலும் அதிகம் பேரை இழுத்தது கூடைப்பந்து. நூற்றுக்கு மேற்பட்ட பங்குகள் அணி அனுப்பின. சிறியவர்களுக்கு ஒரு பிரிவு, பெரியவர்களுக்கு ஒரு பிரிவு. அந்தந்தப் பகுதியில் வென்றவர்கள் அடுத்த கட்டத்துக்கு ஏறி, இறுதியில் நகர் முழுவதற்கும் ஒரே கோப்பை. நீச்சலும் தடகளமும் பின்னர் சேர்ந்தன. கோடையில் சிறுபிள்ளைகளுக்கு விடுமுறைப் பள்ளிகளும் நடந்தன.

இதில் இன்னொரு விசேஷம் உண்டு. சிக்காகோவில் போலந்துக்காரருக்கு ஒரு கோயில், அயர்லாந்துக்காரருக்கு ஒரு கோயில், இத்தாலியருக்கு, லித்துவேனியருக்கு, ஜெர்மானியருக்கு என்று தனித்தனிக் கோயில்கள். ஒரே விசுவாசம், ஒரே பூசை. ஆனாலும் ஒருவர் தெருவில் மற்றவர் நடந்தால் கல் பறக்கும். இது எப்படிப்பட்ட நிலை என்று நம் ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. பந்தய அட்டவணை அச்சான பிறகு, இந்தப் பங்குப் பையன்கள் அந்தப் பங்கின் கூடத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அவர்கள் இங்கே வந்துதான் ஆக வேண்டும்.

கறுப்பினத்தவரின் பங்குகளான கார்ப்பஸ் கிறிஸ்தியும் புனித எலிசபெத்தும் இந்தப் போட்டிகளில் மற்றப் பங்குகளுக்குச் சமமாக ஆடின. பெரிய பேஸ்பால் லீக்குகளில் கறுப்பின வீரர் ஒருவர் கால்வைக்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணினால், 1930-களில் இது எவ்வளவு துணிச்சலான செயல் என்பது விளங்கும். அதே சிக்காகோவில், 2001-ஆம் ஆண்டில், பெரும்பாலும் கறுப்பினத்தவரைக் கொண்ட புனித சபீனா பங்கின் பள்ளி தென்பகுதிக் கத்தோலிக்க விளையாட்டுக் கூட்டமைப்பில் சேர விண்ணப்பித்தபோது, பாதுகாப்பைக் காரணம் காட்டி முதலில் மறுத்துவிட்டார்கள்! பெருங் கண்டனத்துக்குப் பிறகே கதவு திறந்தது. ஷீல் ஆண்டகை திறந்து வைத்த கதவு எழுபது ஆண்டுகளாகத் திறந்தே இருந்தது என்று நாம் நினைத்துவிடக் கூடாது.

விளையாட்டோடு அவர் நிற்கவில்லை. 1932-இல் வானூர்திப் பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவினார். அதுவே வளர்ந்து லூயிஸ் பல்கலைக்கழகமாயிற்று. 1939-இல் இறைச்சிக் கிடங்குத் தொழிலாளர் சங்கம் கூட்டிய மாபெரும் கூட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் ஜான் லூயிசோடு ஒரே மேடையில் அமர்ந்தார். ஆலை முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை. தம் லீக்கில் ஆடிய பையன்களின் தகப்பன்மார் அந்தக் கிடங்குகளில்தானே உழைத்தார்கள்! மகனுக்குக் கோப்பை கொடுத்துவிட்டுத் தகப்பனின் கூலியைப் பற்றி வாய் திறக்காமலிருக்க அவரால் முடியவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் கர்தினால் மண்டலைன் காலமானார். அடுத்த பேராயராக வந்தவர் சாமுவேல் ஸ்ட்ரிச். ஷீல் துணை ஆயராகவே நீடித்தார். அமைப்பு மேன்மேலும் விரிந்தது, சமூகக் கல்விக்கூடம், வானொலி நிலையம் என்று கிளைகள் பெருகின, கடனும் பெருகியது. கேட்டவருக்கெல்லாம் கொடுக்கும் கை அவருக்கு. செலவைக் கட்டுப்படுத்தும் கை அவருக்கு வாய்க்கவில்லை என்பதை மறைப்பதில் பயனில்லை. எல்லாக் கிளைகளும் அவர் ஒருவரையே தண்டாகக் கொண்டிருந்தன. நம் பங்குகளில் சங்கம் நடத்துவோர் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

1954 ஏப்ரலில் மோட்டார்த் தொழிலாளர் கூட்டம் ஒன்றில், கம்யூனிஸ்ட் வேட்டை என்ற பெயரில் கண்டவரையெல்லாம் குற்றஞ்சாட்டிவந்த செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். மெக்கார்த்தியும் கத்தோலிக்கரே, கத்தோலிக்கரில் பலர் அவர் பக்கம். பெரும் புயல் எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஷீல் தாம் பெற்று வளர்த்த அமைப்பின் தலைமையை விட்டு விலகினார். காரணம் அந்தப் பேச்சா, கடன் சுமையா என்று இன்றும் வாதிடுகிறார்கள். அதன்பின் மறைமாவட்டம் அமைப்பின் பணிகளைப் பிரித்துப் பலரிடம் ஒப்படைத்தது. கூடைப்பந்து பங்குகளில் தொடர்ந்தது. மற்ற நகரங்களிலோ சி.ஒய்.ஓ. என்ற பெயர் ஏற்கெனவே வேரூன்றிவிட்டிருந்தது. இன்றும் அமெரிக்க மறைமாவட்டங்கள் பலவற்றில் பங்குப் பிள்ளைகள் அப்பெயரில் ஆடிவருகிறார்கள்.

1959-இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் அவருக்குப் பேராயர் என்ற கௌரவப் பட்டம் அளித்தார். பல ஆண்டுகள் பங்குத்தந்தையாயிருந்த புனித பெலவேந்திரர் ஆலயத்தில் பணியைத் தொடர்ந்து, 1966-இல் ஓய்வுபெற்று, அரிசோனா மாநிலத்தின் டூசான் நகருக்குச் சென்றார். அங்கே 1969 செப்டம்பர் 13-ஆம் நாள், தமது 83-ஆம் வயதில், ஆண்டவரில் துயில்கொண்டார்.