வானூர்தித் தொழில் கண்ட வால்சந்த்

தொம்மலூரிலிருந்து பழைய விமான நிலையச் சாலையில் கிழக்கு நோக்கிச் செல்வோர் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தைக் காண்பர். வேலை தேடிப் பெங்களூருக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு வாழ்வளித்த நிறுவனம் அது. அதனைத் தொடங்கியவர் வால்சந்த் ஹிராசந்த். அதன் தோற்றத்திற்கும் சீன நாட்டில் நிகழ்ந்த ஒரு போருக்கும் தொடர்பு உண்டு.

இளமையும் கப்பல் தொழிலும்

வால்சந்த் 1882 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் சோலாப்பூரில் வணிகக் குடும்பத்தில் பிறந்தார். குடும்பத் தொழிலில் அவர் மனம் நிலைக்கவில்லை. இருப்புப்பாதைப் பணிகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்து முன்னேறினார். 1919 இல் நண்பர்களுடன் சேர்ந்து சிந்தியா கப்பல் நிறுவனத்தை நிறுவினார். அவ்வாண்டு ஏப்ரல் 5 ஆம் நாள் அந்நிறுவனத்தின் ‘லாயல்டி’ என்னும் கப்பல் மும்பையிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. ஆங்கிலேயக் கப்பல் நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்து அவரை வீழ்த்த முயன்றன. அவர் தளரவில்லை. அந்நாளே இன்று தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஷாங்காய் தந்த பாடம்

1932 ஆம் ஆண்டு சனவரி 28 ஆம் நாள் இரவு, ஷாங்காய் நகரில் ஜப்பானியக் கடற்படை வீரர்கள் சீனரைத் தாக்கினர். சாய் திங்காய் தலைமையிலான சீனத்தின் பத்தொன்பதாம் படை உறுதியுடன் எதிர்த்து நின்றது. பின்னர் ஐந்தாம் படையும் துணைக்கு வந்தது. தரையில் சீன வீரர்கள் ஒரு மாதத்திற்கும் மேலாகத் தாக்குப்பிடித்தனர். ஆனால் வானம் அவர்கள் வசம் இல்லை. ஜப்பானியர் கப்பல்களிலிருந்து விமானங்களை ஏவிக் குண்டு பொழிந்தனர். மக்கள் வாழ்ந்த தெருக்களும் புகழ்பெற்ற அச்சகம் ஒன்றும் எரிந்தன. மார்ச்சுத் தொடக்கத்தில் சீனப்படை பின்வாங்கியது. மே மாதம் 5 ஆம் நாள் உடன்படிக்கை ஏற்பட்டது.

வீரம் மட்டும் போதாது, விமானமும் வேண்டும் என்பதைச் சீன அரசு உணர்ந்தது. வில்லியம் பாலி என்னும் அமெரிக்கருடன் சேர்ந்து ஹாங்சௌ நகரில் விமானத் தொழிற்சாலை ஒன்றை அமைத்தது. 1937 இல் மீண்டும் பெரும்போர் மூண்டது. அத்தொழிற்சாலை இடம்விட்டு இடம் பெயர்ந்து, இறுதியில் பர்மா எல்லையருகே லொய்விங் என்னும் ஊரை அடைந்தது. 1940 இல் அங்கும் குண்டு விழுந்தது.

பெங்களூரில் தொழிற்சாலை

1939 இல் வெளிநாட்டுப் பயணத்தின்போது வால்சந்த் பாலியைத் தற்செயலாகச் சந்தித்தார். இந்தியாவிலும் விமானம் செய்யலாமே என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. ஆங்கிலேய அரசு முதலில் தயங்கியது. 1940 இல் ஐரோப்பாவில் போர் கடுமையான பின்னரே இசைவு கிடைத்தது. மைசூர் சமஸ்தானத்தின் திவான் மிர்சா இஸ்மாயில் பெங்களூரில் நிலம் அளிக்க முன்வந்தார். சமஸ்தானமும் முதலீட்டில் பங்கு கொண்டது. 1940 டிசம்பர் 23 ஆம் நாள் இந்துஸ்தான் விமான நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அங்குப் பொருத்தப்பட்ட முதல் பயிற்சி விமானம் வானில் எழுந்தது.

கைமாறிய நிறுவனம்

1942 ஏப்ரலில் போர் தமிழர் வாழும் கரைகளுக்கே வந்தது. ஜப்பானிய விமானங்கள் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களின்மீது குண்டு வீசின. பத்தாண்டுகளுக்கு முன் ஷாங்காய் கண்ட துயரை இக்கரைகளும் கண்டன. அம்மாதமே பாதுகாப்புக் கருதி வால்சந்தின் பங்குகளை அரசு வாங்கிக்கொண்டது. ஓராண்டிற்குச் சற்று மேல்தான் அவர் வளர்த்த நிறுவனம் அவர் கையை விட்டுப் போயிற்று.

எனினும் வால்சந்த் ஓய்ந்துவிடவில்லை. விசாகப்பட்டினத்தில் 1941 இல் அவர் தொடங்கிய கப்பல் கட்டும் தளத்திலிருந்து 1948 இல் ‘ஜல உஷா’ என்னும் கப்பல் நீரில் இறங்கியது. மும்பையில் மோட்டார் வாகனத் தொழிலையும் நிறுவினார். 1951 இல் பெங்களூர்த் தொழிற்சாலையில் இந்தியரே வடிவமைத்த எச்.டி.2 விமானம் பறந்தது. 1953 ஏப்ரல் 8 ஆம் நாள் வால்சந்த் மறைந்தார்.

விதைத்தவர் கையில் நில்லாமல் போயினும், மரம் ஊருக்கு நிழல் தருகிறது. தொம்மலூர் வானில் எழும் விமான ஒலி அதனை நாள்தோறும் நினைவூட்டுகிறது.

சொற்பொருள்

இருப்புப்பாதை – இரயில் பாதை
உடன்படிக்கை – ஒப்பந்தம்
இசைவு – அனுமதி
சமஸ்தானம் – மன்னர் ஆண்ட நாடு

பயிற்சி

1. ஷாங்காய்ப் போரில் சீனப்படைக்கு இருந்த வலிமை எது? குறை எது?
2. பாலியின் தொழிற்சாலை ஏன் இடம் பெயர நேர்ந்தது?
3. ‘விதைத்தவர்’, ‘மரம்’ என்னும் சொற்கள் பாடத்தில் யாரை, எதனைக் குறிக்கின்றன?
4. உம் குடும்பத்தினர் பெங்களூருக்கு வந்த வரலாற்றைப் பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.