எச். ஜி. வெல்ஸும் அவர்தம் ஈயப்படையும்

சிறார் விளையாட்டைத் தமிழ்ப் புலவர் எளிதாக எண்ணினாரல்லர். சிற்றில் சிதைத்தலையும், சிறுபறை முழக்கலையும், சிறுதேர் உருட்டலையும் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களாக அமைத்துப் பாடி மகிழ்ந்தனர். எம் ஊராகிய மல்லாங்கிணற்றிலும், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பிற கரிசல் ஊர்களிலும், சோளத்தட்டையால் வண்டி கட்டுவதும் ஈரமண்ணைப் பிசைந்து குதிரை செய்வதும் சிறுவர்க்கு உவப்பான தொழில். அய்யனார் கோயில் முன்றிலில் அணிவகுத்து நிற்கும் மண்குதிரைகளைக் கண்டு வந்து, யாமும் எம் தோழரும் கையளவான குதிரைப்படை ஒன்று சமைத்ததுண்டு. கரிசல் மண் காய்ந்தவுடன் வெடிக்கும் இயல்பினதாதலின், அப்படை போர்க்களம் காணுமுன்னரே அழிந்துபட்டது.

இவ்வேட்கையை நாற்பது வயதிற்குப் பின்னும் கைவிடாது, பொம்மைப் போருக்கு முறையான விதிகள் வகுத்து நூலும் இயற்றிய ஆங்கில ஆசிரியர் எச். ஜி. வெல்ஸ் ஆவார். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் 1866-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்தில் கெண்ட் நாட்டுப் பிராம்லி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் சிறு கடை நடத்தியவர். கிரிக்கெட் ஆட்டத்தில் வல்லவர். தாயார் செல்வர் மனையில் ஊழியம் புரிந்தவர். 1874-இல் கால் எலும்பு முறிந்து படுக்கையிற் கிடந்தபோது, இச்சிறுவர்க்கு நூல்களே துணையாயின. பின்னர்த் தந்தையாரின் காலும் முறியவே, குடும்பம் வறுமையுற்றது. வெல்ஸ் துணிக்கடையில் தொழில் பயிலச் சென்றார். நாள்முழுதும் நின்று உழைக்கும் அவ்வாழ்வை வெறுத்து, கல்வி ஒன்றே தமக்குக் கதியெனத் துணிந்தார். 1884-இல் உதவித்தொகை பெற்று லண்டன் மாநகரில் ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் உயிர்நூல் பயின்றார். 1895-இல் வெளிவந்த காலயந்திரக் கதையும், 1898-இல் வெளிவந்த செவ்வாய்க் கோளினர் படையெடுப்புக் கதையும் அவர் புகழை எங்கும் பரப்பின.

நிற்க. அவருக்கு 1901-இலும் 1903-இலும் இரு மைந்தர் பிறந்தனர். அம்மைந்தரோடு தரையில் அமர்ந்து, பலகைகளையும் கட்டைகளையும் அடுக்கித் தீவுகளும் நகரங்களும் படைத்தார். 1911-இல் அவ்விளையாட்டுக்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அக்காலத்து ஆங்கிலக் கடைகளில் உள்ளீடற்ற ஈயத்தால் வார்க்கப்பெற்ற, இரண்டு அங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட உயரமுள்ள வீரர் பொம்மைகள் மிகுதியாக விற்கப்பெற்றன. வில்விசையால் சிறு மரக்குண்டை எறியும் பீரங்கியும் கிடைத்தது. ஒருநாள் உணவு முடிந்து காப்பிக்குக் காத்திருந்த நண்பர் ஒருவர், அருகில் கிடந்த அப்பீரங்கியை எடுத்துக் குறிபார்த்து ஓர் ஈயவீரனை வீழ்த்தினார். வீழ்த்தியதோடு அமையாது, ஏனையோரைப் போருக்கும் அழைத்தார். அந்நண்பர் நகைச்சுவை எழுத்தாளராகிய ஜெரோம் என்பர். அன்று தோன்றிய ஆட்டமே 1913-இல் ‘சிறு போர்கள்’ என்று பொருள்படும் நூலாயிற்று.

அந்நூலின் விதிகள் எளியன. காலாள் ஒரு முறைக்கு ஓரடியும், குதிரைவீரன் இரண்டடியும் செல்லலாம். பீரங்கியை இயக்க நால்வரேனும் அதன் அருகில் நிற்றல் வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் கடிகாரம் வைத்துக் காலம் அளந்தனர். மரக்கிளைகள் காடாயின, சுண்ணக்கோடுகள் ஆறாயின. பகடை உருட்டி வெற்றி தேடும் வழி அங்கில்லை. சமமான இருபடைகள் கைகலப்பின் இருபாலாரும் மடிவர். ஆதலின், சிந்தியாது முன்னேறுவோன் தன் ஆட்களை வீணே இழப்பான்.

நூலின் முடிவிலேதான் வெல்ஸின் உள்ளம் வெளிப்படுகின்றது. எத்துணைப் பெரிய சேனைத்தலைவரும் இச்சிறு விளையாட்டின் விதிகளிலேயே தடுமாறக் கண்டதாகவும், தரையில் ஒருவன் மூன்று நான்கு முறை போரிட்டுப் பார்த்தாலே மெய்ப்போர் எத்துணை மடமை என்பது விளங்கும் என்றும் அவர் எழுதினார். அறிந்தோர் அஞ்சுவர், அஞ்சினோர் அமைதி காப்பர் என்பது அவர் கருத்துப் போலும்.

அந்தோ! மறு ஆண்டே, 1914-இல், உலகப் பெரும்போர் மூண்டது. போரின் மடமையை அத்துணைத் தெளிவாக உணர்த்திய அவரே, அப்போர் எல்லாப் போர்களையும் ஒழிக்கும் போர் என நம்பி, அதனை ஆதரித்துக் கட்டுரைகள் வரைந்தார். இஃது அவர் வாழ்வில் ஒரு பெருங்குறையென்றே யாம் கருதுகின்றோம். அறிவு மட்டும் மனிதனைச் சினத்தினின்று காவாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

எனினும், தவற்றை உணராது போனாரல்லர். 1916-இல் அவர் வெளியிட்ட நாவலில் பிரிட்லிங் என்னும் எழுத்தாளர் போரில் தம் மகனை இழக்கின்றார். முன்னர் அவர் மனையில் ஆசிரியனாகத் தங்கியிருந்த ஜெர்மானிய இளைஞனும் மாள்கின்றான். பகைநாட்டிலுள்ள அவ்விளைஞனின் பெற்றோர்க்குக் கடிதம் எழுத அமர்ந்த பிரிட்லிங், தம் துயரும் அவர் துயரும் ஒன்றே எனக் காண்கின்றார். ஈயவீரனுக்குத் தாயுமில்லை, தந்தையுமில்லை. அவன் வீழ்ந்தால் மீண்டும் நிறுத்தலாம். மெய்வீரன் அத்தகையன் அல்லன். தரையில் ஆடிய ஆட்டம் கற்பியாத இவ்வுண்மையைப் பெரும்போர் அவருக்குக் கற்பித்தது.

அதன்பின் உலக நாடுகள் ஒன்றுபட வேண்டுமென இடையறாது எழுதினார். 1920-இல் மனிதகுலம் முழுவதற்கும் பொதுவான ஒரு வரலாற்று நூலை நிறைவுசெய்தார். 1914-இலேயே கதையில் அவர் கற்பித்த அணுகுண்டு, 1945-இல் ஹிரோஷிமாவில் மெய்யாக வீழ்ந்தது. அதனையும் காண வாழ்ந்திருந்து, 1946-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் உயிர்நீத்தார். அவர் திருச்சபையின் வழி நின்றவரல்லர். ஆயினும், ஏசாயா தீர்க்கதரிசி கண்ட சமாதான காலத்தை அவரும் தம் வழியில் நாடினார் என்னலாம்.

அவர் விதைத்த விளையாட்டோ இன்றும் தழைத்துள்ளது. 1983-இல் இங்கிலாந்தில் வெளிவந்த வார்ஹாமர் முதலிய ஆட்டங்களில் பூதரும் குள்ளரும் எலும்புக்கூட்டு வீரரும் படைகளாக நிற்கின்றனர். ஒரே கருத்துக்கு இயைய வீரரைத் தேர்ந்து, ஒவ்வொருவனுக்கும் மெல்லிய தூரிகையால் வண்ணந் தீட்டி, பல திங்கள் உழைத்துப் படை அமைப்பாரும் உளர். இதனை வீண்பொழுது என்று இகழ யாம் ஒருப்படோம். தன் கையால் ஒருவனை உருவாக்கி வண்ணமிட்டவன் அவனை எளிதில் இழக்க மனங்கொள்ளான். அம்மனம் மெய்ம்மனிதரிடத்தும் செல்லுமாயின் வெல்ஸின் உழைப்பு வீணாகாது.

எம் ஊர்ச் சிறுவரின் மண்குதிரைகள் இவ்வாண்டும் வெடித்து உதிரும். அவை உதிர்வதால் அழுவார் எவருமிலர். போர் என்பது அவ்வளவில் நிற்கும் நாள் வருவதாக.