வெறுங்காலால் வென்ற சலீம்

மார்கழி மாதத்தில் ஏற்காட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். விடியற்காலையில் புல்தரை முழுவதும் பனி. செருப்பு இல்லாமல் கால் வைத்தால் உள்ளங்கால் மரத்துப் போகும். சுமார் 5 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கும் சேர்வராயன் மலையின் குளிர் அப்படி!

அந்தப் புல்லில், வெறுங்காலோடு, பூட்ஸ் அணிந்த 11 பேரை எதிர்த்துக் கால்பந்து ஆடச் சொன்னால்?

யாரும் தயங்குவார்கள். ஆனால், ஓர் இந்தியர் தயங்கவில்லை. அவர் ஆடியது ஏற்காட்டில் அல்ல. கோடைகால மாலையே நம் ஏற்காட்டு மார்கழியைப் போல் இருக்கும் ஸ்காட்லாந்து நாட்டில்! கிளாஸ்கோ நகரின் புகழ் பெற்ற செல்டிக் கோஷ்டிக்காக!

அவர் பெயர் முகமது சலீம். ஐரோப்பியக் கோஷ்டி ஒன்றுக்காக ஆடிய முதல் இந்திய ஆட்டக்காரர் என்று கால்பந்து வரலாறு அவரைக் குறிப்பிடுகிறது.

நவாப் வாழ்ந்த பேட்டை

சலீம் 1904-ம் ஆண்டு கல்கத்தாவில் மெட்டியாபுருஸ் என்ற பகுதியில் பிறந்தார். ஹூக்ளி நதிக்கரையில் உள்ள பேட்டை அது. அயோத்தி சமஸ்தானத்தை வெள்ளைக்காரர்களிடம் பறிகொடுத்த நவாப் வாஜித் அலி ஷா, தம் கடைசிக் காலம் வரை வாழ்ந்த இடம். நவாப் மறைந்த பிறகு அரண்மனைகள் அழிந்தன. உழைத்துப் பிழைக்கும் எளிய மக்கள் அங்கே மிஞ்சினார்கள். சலீமின் குடும்பமும் எளிய குடும்பம்தான்.

சலீமுக்கு 7 வயது இருக்கும்போது கல்கத்தாவே திரண்டு கொண்டாடிய ஒரு சம்பவம் நடந்தது. 1911-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி, மோகன் பகான் கோஷ்டி, கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்துக் கோஷ்டியை 2-1 என்ற கோல் கணக்கில் தோற்கடித்து ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. மோகன் பகான் ஆட்டக்காரர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்காலோடு ஆடினார்கள்!

ஆட்சி செய்பவன் பூட்ஸ் போட்டு ஆடுகிறான். ஆளப்படுபவன் வெறுங்காலோடு ஆடுகிறான். அப்படியும் ஆளப்படுபவன் ஜெயித்து விட்டான்! கல்கத்தாவின் தெருப் பிள்ளைகளுக்கு இது போதாதா? சந்துக்குச் சந்து பந்து உருண்டது. அந்தப் பிள்ளைகளில் ஒருவராக சலீமும் வளர்ந்தார்.

5 ஆண்டு வெற்றி

சலீம் மருந்து கலக்கும் தொழிலைக் கற்றார். ஆனால், மனம் மைதானத்தில்தான் இருந்தது. சிறிய கோஷ்டிகளில் தொடங்கி, ஒன்றிலிருந்து ஒன்றாகப் படியேறினார். மைதானத்தின் ஓரத்தில் பந்தைக் கொண்டு சென்று, கோல் அடிப்பவருக்குத் தூக்கிக் கொடுக்கும் "விங்" ஆட்டக்காரர் அவர். கோல் அடித்தவருக்கு மாலை விழும். பந்து கொடுத்தவரைப் பார்ப்பவர்கள் சிலரே. சலீம் அதற்காக வருந்தியவர் அல்லர்.

1934-ம் ஆண்டு அவர் முகமதன் ஸ்போர்ட்டிங் கோஷ்டியில் ஆடினார். கல்கத்தா லீக் பந்தயம் 1898-ல் தொடங்கியது. அதுவரை ஓர் இந்தியக் கோஷ்டி கூட அதில் முதலிடம் பெற்றதில்லை. பட்டாளத்துக் கோஷ்டிகளும் வெள்ளைக்காரர் கோஷ்டிகளுமே வென்று வந்தன. அந்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங் வென்றது! அதோடு நிற்கவில்லை. 1934 முதல் 1938 வரை 5 ஆண்டுகள் தொடர்ந்து லீக் பட்டம் அந்தக் கோஷ்டிக்கே!

சலீம் என்றால் கல்கத்தா ரசிகர்களுக்கு அப்போது தெரியாமல் இருக்காது. ஆனால், கடல் கடந்து அந்தப் பெயர் போகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆட்டக்காரரைக் காணோம்!

1936-ம் ஆண்டு பெர்லின் நகரில் ஒலிம்பிக் பந்தயம். அதற்குப் புறப்பட்ட சீனக் கால்பந்து கோஷ்டி, வழியில் இந்தியாவுக்கும் வந்தது. கல்கத்தாவில் 2 ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் சலீமின் திறமையைச் சீனர்களே பாராட்டினார்கள்.

இரண்டாவது ஆட்டத்துக்கு எல்லோரும் அவரை எதிர்பார்த்தார்கள். ஆளைக் காணோம்! தேடினார்கள். பத்திரிகையில் விளம்பரமும் வந்தது. பயன் இல்லை.

சலீம் கப்பலில் போய்க்கொண்டிருந்தார்!

அவருடைய உறவினர் ஹாஷிம் என்பவர் பிரிட்டனில் வாழ்ந்தவர். ஊருக்கு வந்திருந்தபோது சலீமின் ஆட்டத்தைப் பார்த்தார். இந்தத் திறமை இங்கேயே முடங்கிப் போகக் கூடாது, ஐரோப்பாவில் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சலீமை இணங்க வைத்து அழைத்துப் போய்விட்டார். கெய்ரோ வழியாகப் பிரிட்டனுக்குப் போய், அங்கிருந்து கிளாஸ்கோ போய்ச் சேர்ந்தார்கள்.

சிரித்தார் மானேஜர்

செல்டிக் சாதாரணக் கோஷ்டி அல்ல. அதற்கு முந்திய பருவத்தில்தான் ஸ்காட்லாந்து லீக் பட்டத்தை வென்றிருந்தது. அதன் மானேஜர் வில்லி மேலி. 1897-ம் ஆண்டிலிருந்து அந்தப் பதவியில் இருந்தவர். அவர் பார்க்காத ஆட்டக்காரர் இல்லை.

அவரிடம் போய் ஹாஷிம் விஷயத்தைச் சொன்னார். இந்தியாவிலிருந்து ஒரு பெரிய ஆட்டக்காரர் வந்திருக்கிறார். ஆனால், அவர் வெறுங்காலோடுதான் ஆடுவார்!

மேலிக்குச் சிரிப்பு வந்தது. ஆணி அடித்த பூட்ஸ் அணிந்து மோதும் ஸ்காட்லாந்துக்காரர்கள் எங்கே, வெறுங்கால் எங்கே? ஒரு மிதி மிதித்தால் விரல் என்ன ஆகும்? இருந்தாலும், வந்தவரைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. ஆடிக் காட்டச் சொன்னார்.

சலீம் ஆடிக் காட்டினார். பயிற்சியாளர்கள் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது. செல்டிக் சட்டையை அவருக்குக் கொடுத்து விட்டார்கள்!

சலீமின் பாதங்களுக்குத் துணிக்கட்டுப் போடப்பட்டது. பழைய செல்டிக் வீரரும் பயிற்சியாளருமான ஜிம்மி மெக்மெனமி குனிந்து சலீமின் காலுக்குக் கட்டுப் போடும் புகைப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. இந்தியாவை வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. அந்த நாளில், ஓர் இந்தியனின் காலடியில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருக்கும் காட்சி!

விரல்களின் வித்தை

சலீம் செல்டிக்கின் முதல் கோஷ்டியில் ஆடவில்லை. அடுத்த கோஷ்டியில்தான் ஆடினார். 2 ஆட்டங்களே ஆடினார். ஆனால், அந்த இரண்டும் போதுமானவையாக இருந்தன.

1936-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி மாலை, கால்ஸ்டன் கோஷ்டியுடன் ஆட்டம். செல்டிக் 7-1 என்று வென்றது. அந்த 7 கோல்களில் 3, சலீம் எடுத்துக் கொடுத்த பந்தில் விழுந்தவை. பந்தைக் கால் பெருவிரலில் நிறுத்துவார். அங்கிருந்து சுண்டு விரலுக்கு உருட்டுவார். ஒற்றைக் காலில் துள்ளி எதிரியைச் சுற்றி வருவார். பிறகு நடுவில் நிற்பவருக்குத் தட்டி விடுவார். பூட்ஸுக்குள் அடைபட்ட கால் செய்ய முடியாத வேலை இது! மறுநாள் காலைப் பத்திரிகை ஒன்று அவரை இந்திய வித்தைக்காரர் என்று வருணித்தது.

அந்த ஆட்டத்தில் ஒரு சம்பவம். செல்டிக்குக்கு "பெனால்டி" கிடைத்தது. சலீமை அடிக்கச் சொன்னார்கள். கூட்டமும் அதையே விரும்பியது. சலீம் மறுத்து விட்டார்!

என்ன காரணம்? கூச்சம்!

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. உடன் வந்த உறவினர்தான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். 10 பேருக்கு நடுவில் பந்தோடு ஓடும்போது பாஷை தேவைப்படவில்லை. ஆனால், ஆட்டம் முழுவதும் நின்று போய், எல்லோருடைய கண்ணும் தம் ஒருவர் மீதே பதியும்போது, அவரால் தாங்க முடியவில்லை.

ஹாமில்ட்டன் கோஷ்டியுடன் நடந்த மற்றோர் ஆட்டத்தில் செல்டிக் 5-1 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் பெனால்டி வந்தபோது சலீம் பின்வாங்கவில்லை. 12 கஜ தூரம். எதிரே கோல் காப்பவர் ஒருவர்தான். பந்தை வைத்தார். வெறுங்காலால் உதைத்தார். கோல்!

அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்குப் பிறகு

ஓடும் பந்தை உதைப்பது வேறு. நிறுத்தி வைத்த பந்தை உதைப்பது வேறு. முதலாவதில் யோசிக்க நேரம் இல்லை. இரண்டாவதில் யோசிக்க நேரம் இருக்கிறது. கஷ்டமே அதில்தான்!

அமெரிக்காவில் ஆடும் கால்பந்தில் இதற்கென்றே சம்பளம் கொடுத்து ஓர் ஆட்டக்காரரை வைத்திருக்கிறார்கள். பெயர் கால்பந்தே தவிர, அங்கே பந்தைக் கையில் ஏந்தித்தான் ஓடுவார்கள். இந்த ஓர் ஆள் மட்டும் எப்போதாவது மைதானத்துக்குள் வருவார். தரையில் நிறுத்திய பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பார். போய்விடுவார். ஓர் உதையில் வீரர். ஓர் உதையில் பழிகாரர்!

1980-களில் அப்படிப்பட்ட உதைகாரர்கள் சிலர், உதைக்கும் காலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உதைத்தார்கள். பந்து காலில் நன்றாகப் பதிகிறது என்றார்கள். 1987-ம் ஆண்டு ஜனவரிக் குளிரில், கிளீவ்லாந்து நகரில் நடந்த முக்கியமான ஆட்டத்தில், டென்வர் கோஷ்டிக்கு வெற்றி தேடித் தந்தது ரிச் கார்லிஸ் என்பவரின் வெறுங்கால் உதை. அமெரிக்கர்களுக்கு அது அதிசயமாக இருந்தது. செல்டிக் மைதானத்தில் சலீமைப் பார்த்தவர்களுக்கு அதிசயமாக இருந்திருக்காது!

ஊர் நினைவு

செல்டிக் கோஷ்டியார் சலீம் தங்களோடு இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். இருந்திருந்தால் முதல் கோஷ்டியில் இடம் கிடைத்திருக்கலாம். புகழும் வருமானமும் வந்திருக்கலாம்.

ஆனால், சலீமின் மனம் அங்கே ஒட்டவில்லை. தெரியாத பாஷை. பழகாத சாப்பாடு. குளிர். சில மாதங்களுக்குள் ஊர் நினைவு அவரை வாட்டத் தொடங்கியது. எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கப்பல் ஏறி விட்டார்.

கல்கத்தா திரும்பியதும் மீண்டும் முகமதன் ஸ்போர்ட்டிங் சட்டையை அணிந்தார். கோஷ்டி மறுபடியும் லீக் பட்டத்தை வென்றது. வயது ஏறியது. கால் ஓய்ந்தது. புதிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். சலீமை உலகம் மறந்தது.

வெறுங்கால் ஆட்டமும் மறையத் தொடங்கியது. 1948-ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் பந்தயத்திலும் இந்தியர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமல்தான் ஆடினார்கள். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று இந்தியா தோற்றது. அதன் பிறகு பூட்ஸ் கட்டாயம் ஆயிற்று. அது நியாயமான முடிவுதான். மழைச் சேற்றிலும் குளிரிலும் வெறுங்கால் வழுக்கும், மிதிபட்டால் நொறுங்கும். ஆனால், பெருவிரலிலிருந்து சுண்டு விரலுக்குப் பந்தை உருட்டும் அந்தக் கலையும் அதோடு போயிற்று.

மாற்றப்படாத காசோலை

பல ஆண்டுகளுக்குப் பிறகு சலீம் நோயில் படுத்தார். அவருடைய மகன் செல்டிக் கோஷ்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் கோஷ்டியில் ஆடிய என் தந்தை உடல் நலம் இல்லாமல் இருக்கிறார், சிகிச்சைக்குப் பணம் தேவைப்படுகிறது என்பது கடிதத்தின் சாரம்.

2 ஆட்டம் ஆடிவிட்டுப் போன ஓர் ஆள். அதுவும் முதல் கோஷ்டியில் அல்ல. எத்தனையோ ஆட்டக்காரர்கள் வந்து போன இடம். யார் நினைவு வைத்திருப்பார்கள்?

பதில் வந்தது! கடிதத்தோடு 100 பவுனுக்கு ஒரு காசோலையும் வந்தது.

அந்தக் காசோலையை மகன் பாங்கியில் போட்டுப் பணமாக்கவில்லை. பத்திரமாக வைத்துக்கொண்டார். பணம் வாங்குவது அவர் நோக்கம் அல்ல. தந்தையின் பெயர் அந்த ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அறியவே அவர் எழுதினார். இருக்கிறது என்று தெரிந்தது. அதுவே போதும் என்று இருந்து விட்டார்.

1980-ம் ஆண்டு முகமது சலீம் காலமானார்.

எல்லோரும் பார்க்கிறார்கள் என்று கூசி, ஒரு பெனால்டியை அடிக்க மறுத்தவர் அவர். கேட்காமலே கிடைத்த புகழையும் ஊருக்காக உதறி வந்தவர். கிளாஸ்கோ நகரத்தார் அவரை மறக்கவில்லை. அவர் யாருக்காகத் திரும்பி வந்தாரோ, அந்த நாட்டில்தான் அவர் பெயர் தெரிந்தவர்கள் குறைவு!