இரு தரப்பும் விலக்கிய அறிஞர்: மிகெல் தே உனாமுனோ

உள்நாட்டுப் போர் மூளும்போது படைக்கலம் ஏந்தாத மனிதனும் ஏதேனும் ஒரு பக்கம் நின்றாக வேண்டும் என்று காலம் வற்புறுத்துகிறது. அவ்வாறு ஒரு பக்கத்தைத் தேர்ந்து, தேர்ந்த பக்கத்தாலேயே நெஞ்சு புண்பட்டு, இறுதியில் எப்பக்கத்துக்கும் உரியவராகாமல் மறைந்தவர் ஸ்பெயின் நாட்டின் பேரெழுத்தாளரும் மெய்யியலறிஞருமான மிகெல் தே உனாமுனோ.

பாஸ்க் மக்கள் வாழும் வடபுலத்துத் துறைமுக நகரான பில்பாவோவில் 1864ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் அவர் பிறந்தார். ஆறு வயது நிரம்புமுன் தந்தையை இழந்தார். 1874இல், அரியணைக்கு உரிமை கோரிய கார்லோஸின் படையினர் பில்பாவோவை முற்றுகையிட்டனர். உள்ளே இருந்தவரும் வெளியே நின்றவர்களில் மிகப் பலரும் பாஸ்க் இனத்தவரே. முற்றுகைக்குள் சிக்கிய ஒன்பது வயதுச் சிறுவனின் அண்டை வீட்டின்மேல் குண்டு விழுந்தது. அந்த அனுபவமே 1897இல் வெளிவந்த ‘போரில் அமைதி’ என்னும் அவருடைய முதல் நாவலுக்குக் கருவாயிற்று. இரு தரப்பு மாந்தரையும் பரிவோடு நோக்கும் நாவல் அது.

1891இல் சலமான்காப் பல்கலைக்கழகத்தில் கிரேக்க மொழிப் பேராசிரியரான அவர், 1900இல் அதன் தலைவரானார். 1913இல் நூலாக வந்த ‘வாழ்வின் துன்பியல் உணர்வு’, 1914இல் வந்த ‘மூடுபனி’ ஆகியவை அவர் புகழை ஐரோப்பாவெங்கும் பரப்பின. நம்ப விழையும் நெஞ்சுக்கும் ஐயுறும் அறிவுக்கும் இடையே ஓயாது நிகழும் போரே மனித வாழ்வு என்பது அவர் கொள்கை. ஒரு நாட்டுக்குள் கருத்துகள் மோதிக்கொள்வதும் நலமே என்று அவர் பன்முறை எழுதினார். உள்நாட்டுப் போர் என்ற சொல்லையே அப்பொருளில் போற்றினார். அச்சொல் குருதியோடு தம் வாயிலுக்கு வரும் என்பதை அன்று அவர் அறிந்திலர்.

ஆட்சியாளரோடு அவர் இணங்கிச் சென்றதில்லை. 1914இல் பல்கலைக்கழகத் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார். 1924இல் சர்வாதிகாரி ப்ரீமோ தே ரிவேரா அவரை ஃபுவெர்தேவென்துராத் தீவுக்கு நாடு கடத்தினார். அங்கிருந்து பிரான்சுக்குச் சென்ற அவர், 1930இல்தான் தாயகம் திரும்பினார். 1931 ஏப்ரலில் சலமான்கா நகர மன்ற மாடத்தில் நின்று குடியரசை அறிவித்தவர் அவரே. மீண்டும் பல்கலைக்கழகத் தலைமையும் நாடாளுமன்ற இடமும் அவரைத் தேடி வந்தன. ஆயினும் தேவாலயங்கள் எரிந்ததும், தெருக்களில் வன்முறை பெருகியதும் அவர் உள்ளத்தைக் குடியரசிலிருந்து மெல்ல மெல்ல விலக்கின.

1936 ஜூலையில் படைத் தளபதிகள் கிளர்ந்தெழுந்தனர். சலமான்கா ஓரிரு நாளில் அவர்கள் வசமாயிற்று. ஒழுங்கையும் நாகரிகத்தையும் அவர்கள் காப்பர் என நம்பிய உனாமுனோ, அவர்கள் அமைத்த நகரவையில் உறுப்பினராக அமர்ந்தார். இதனை அறிந்த குடியரசு அரசு ஆகஸ்டு 22ஆம் நாள் அவரைப் பதவி நீக்கியது. செப்டம்பர் முதல் நாளில் கிளர்ச்சியாளர் அப்பதவியை அவருக்கே திருப்பித் தந்தனர். ஆனால் அவர் குடும்பமே இரு நாடாய்ப் பிளவுண்டிருந்தது. தாயை இழந்த பேரன் சலமான்காவில் அவரோடு வாழ்ந்தான். அப்பேரனின் தந்தையான மருமகனோ குடியரசின் பக்கம் நின்றார்.

நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. நகரின் முன்னைய தலைவரும் மருத்துவப் பேராசிரியருமான நண்பர் கஸ்தோ பிரியெத்தோ கர்ராஸ்கோ ஜூலை இறுதியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சீர்திருத்தச் சபைப் போதகர் அத்திலானோ கோக்கோ சிறைப்பட்டார். மாணவராயிருந்து கிரனாடாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக உயர்ந்த சல்வதோர் விலாவும் அக்டோபரில் கைதானார். கைதானோரின் மனைவியர் உனாமுனோவின் உதவியை நாடினர். அவர் பிராங்கோவிடமே சென்று மன்றாடினார்; பயனில்லை.

அக்டோபர் 12ஆம் நாள், கொலம்பஸ் அமெரிக்கா அடைந்ததை நினைவுகூரும் விழா பல்கலைக்கழக மண்டபத்தில் நிகழ்ந்தது. பிராங்கோவின் மனைவி, ஆயர், தளபதி மில்யான் அஸ்த்ராய் ஆகியோர் வீற்றிருக்க, உனாமுனோ தலைமை தாங்கினார். பேச எண்ணி வந்தவர் அல்லர். ஆனால் சொற்பொழிவாளர் ஒருவர் பாஸ்க் மக்களையும் கட்டலான் மக்களையும் இழித்துரைக்கக் கேட்டதும், சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து அதன் வெற்றிடத்தில் குறிப்பு எழுதலானார். அது கோக்கோவின் மனைவி உதவி வேண்டி எழுதிய கடிதம். பின்னர் எழுந்து, வெல்வது வேறு, உளம் ஒப்பச் செய்வது வேறு என்னும் கருத்துப்பட எடுத்துரைத்தார். தளபதி குறுக்கிட்டு முழங்கினார். அவையில் கூச்சல் எழுந்தது. அவர் உரைத்த சொற்கள் இவையெனப் பிற்காலத்தில் பரவிய வடிவம் பிறர் நினைவிலிருந்து புனைந்தது. கடிதத்தின் மேல் எழுதிய குறிப்புகளோ அவர் கைப்பட நிலைத்துள்ளன.

நகரவை அவரை விலக்கியது. அக்டோபர் 22ஆம் நாள் பிராங்கோ அவரைப் பல்கலைக்கழகத் தலைமையிலிருந்தும் நீக்கினார். குடியரசு நீக்கிய நாளிலிருந்து சரியாக இரண்டு திங்கள்! அந்நாள்களிலேயே விலா கொல்லப்பட்டார். டிசம்பரில் கோக்கோவும் கொல்லப்பட்டார். காவலர் கண்காணிப்பில் வீட்டுக்குள் இருந்த முதியவர் மடல்களும் குறிப்புகளும் எழுதி வந்தார். ஸ்பானிய மொழியில் ஓரெழுத்தைக் கூட்டி, இரு தரப்பாரையும் ஹூணர் என்னும் பொருள் தொனிக்கச் சுட்டினார். அக்குறிப்புகள் 1991இல்தான் நூலாயின.

1936 டிசம்பர் 31ஆம் நாள், 72ஆம் வயதில் அவர் உயிர் பிரிந்தது. மறுநாள் அவர் பெட்டியைச் சுமந்தவர்கள் ஃபலாஞ்சே இயக்கத்தினர். உயிரோடிருந்தபோது வீட்டுக்குள் முடக்கியவர்களே இறந்தபின் தம்மவரெனத் தோளில் ஏந்தினர். முதலில் படைத்தலைவர்களை நம்பியது உனாமுனோவின் பிழை. அதனை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. எனினும், நண்பர்களின் உயிரா, தாம் சார்ந்த தரப்பின் நற்பெயரா என்ற வினா எழுந்தபோது, பதவியையும் பாதுகாப்பையும் பொருட்படுத்தாமல் அவர் எழுந்து நின்றார். கொடிகளுக்கிடையே அலைந்த அவருடைய பற்று, இறுதியில் மனிதரிடத்தே நிலைகொண்டது.