அலொன்சோ சேர்ச் (1903 – 1995)

கணினி தோன்றுமுன்னரே செய்நிரலாக்கத்துக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் அமெரிக்கத் தர்க்கவியலாளர் அலொன்சோ சேர்ச். இவர் 1903 யூன் 14 ஆம் திகதி வொஷிங்டன் நகரில் பிறந்தார். நீதிபதியாயிருந்த தந்தை பார்வை குன்றியதால் பதவியிழந்தார். உறவினரின் உதவியுடனேயே சேர்ச் படித்தார். பள்ளிப் பருவத்தில் காற்றுத் துப்பாக்கி விபத்தொன்றில் இவரும் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் 1927 இல் கலாநிதிப் பட்டம் பெற்று, 1929 இல் அங்கேயே ஆசிரியரானார்.

கணிதம் முழுவதையும் சார்புகளின் மீதே கட்டியெழுப்ப எண்ணி, 1932 இல் ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டார். அதில் கிரேக்க எழுத்தான லம்டாவைக் கொண்டு ஒரு சார்பைப் பெயரிடாமலே எழுதலாம். ஒரு சார்பை மற்றொரு சார்புக்கு உள்ளீடாகவும் கொடுக்கலாம். மன்னார் மாணவர்களுக்கு இது விளங்காததன்று. பேசாலைக் கரையில் இருபது கூடை மீன் நிறுக்கப்பட்டுள்ளது என்க. ஒவ்வொரு கூடையாக எடுத்துக் கணக்கிடுவது ஒரு சார்பு. எப்படிக் கணக்கிடுவது என்பது அதற்கு நாம் கொடுக்கும் இன்னொரு சார்பு. நிறையை விலையால் பெருக்கும் சார்பைக் கொடுத்தால் கூடைகளின் பெறுமதி கிடைக்கும்; ஐஸின் நிறையைக் கழிக்கும் சார்பைக் கொடுத்தால் தேறிய நிறை கிடைக்கும். கூடை கூடையாகச் செல்லும் பகுதியைத் திரும்ப எழுதத் தேவையில்லை. அப்பகுதியே உயர்நிலைச் சார்பு. அதற்குக் கொடுக்கப்படும் சார்பைப் பெயரின்றி அவ்விடத்திலேயே எழுதினால் அது லம்டாக் கோவை. இரண்டையும் குழப்பிக் கொள்ளலாகாது.

1935 இல் சேர்ச்சின் முயற்சிக்குப் பேரிடி விழுந்தது. அவருடைய மாணவர்களாயிருந்த கிளீனி, ரோசர் இருவருமே அம்முறையில் முரண்பாடு உண்டென நிறுவினர். சேர்ச் பிடிவாதம் பிடிக்கவில்லை. பழுதான தர்க்கப் பகுதியை நீக்கிவிட்டு, சார்புகளைக் கணிக்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார். தர்க்கக் கூற்று எதுவாயினும் அது நிறுவத்தக்கதா எனத் தீர்மானிக்கும் பொதுவான செய்முறை இருக்கமுடியாது என்பதை 1936 இல் அதன் துணையுடன் நிறுவினார். அதே ஆண்டில் அலன் ரியூரிங் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். (ரியூரிங்கின் தாய் தமிழ்நாட்டின் போத்தனூரில் பிறந்தவர்.) ரியூரிங் பின்னர் பிரின்ஸ்ரன் சென்று சேர்ச்சிடமே பயின்று, 1938 இல் கலாநிதியானார்.

எஞ்சிய அப்பகுதியின் குறியீட்டையே ஜோன் மக்கார்த்தி 1958 இல் தொடங்கிய லிஸ்ப் மொழிக்கு எடுத்துக்கொண்டார். பைதனில் 1994 இலும் ஜாவாவில் 2014 இலும் லம்டாக் கோவை இடம்பெற்றது.

சேர்ச் 1967 இல் லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 87 வயதாகும் வரை, அதாவது 1990 வரை, கற்பித்தார். 1995 ஓகஸ்ட் 11 ஆம் திகதி ஒகையோ மாநிலத்தின் ஹட்சன் நகரில் காலமானார்.